மூன்றாம் லயத்து மிஸ்ஸி

காலை ஆறரை மணிக்குத் திலகா பக்கத்து வீட்டுக் கவிஷாவின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடு எறங்கிருச்சு வள்ளி. இனிமே பயமில்ல. தலைக்குத் தண்ணி ஊத்திரு" என்றாள். பெரிய டாக்டரம்மா தோரணையில், அழுத்தம் திருத்தமாகச் சொன்னாள். பத்தே முக்கால் மணிக்கு அதே வாய் உலர்ந்து, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அப்போது அவள் தம்பின் பட்டணத்தில் ஒரு கிளினிக்கில், மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் வேலை. தரை துடைப்பது, கக்கூஸ் கழுவுவது, குப்பைத் தொட்டிகளைக் காலி செய்வது, நோயாளிகள் யாராவது வாந்தி எடுத்தால் மூக்கைச் சுளிக்காமல் அள்ளுவது. ஆறு வருடமாக அதைத்தான் செய்கிறாள், நன்றாகவும் செய்கிறாள். ஆனால் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, புக்கிட் செலாசே தோட்டத்து மூன்றாம் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், யாரைக் கேட்டாலும் திலகா ஒரு மிஸ்ஸி. மலேசியாவில் நம் பக்கத்தில் நர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஷப்னம்தான் நிஜமான மிஸ்ஸி. பசார் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரின் மகள், படித்துப் பாஸ் பண்ணியவள். அவள் ஒரு தகப்பனிடம் மருந்துப் பையைக் கொடுத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது டெங்கி சீசன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்குங்க. சூடு இருக்கிறப்ப எல்லாரும் பயப்படுறாங்க. சூடு எறங்குனதும் நல்லாயிருச்சுன்னு விட்டுறாங்க. அப்பதான் டேஞ்சர்லா. நாலாம் நாளு, அஞ்சாம் நாளு சூடு எறங்கும், அந்த நேரம் பாத்து ரத்தத்துல இருக்கிற தண்ணி உள்ளுக்குள்ளயே கசிய ஆரம்பிக்கும். வயித்து வலி, வாந்தி, கை கால் ஜில்லுனு ஆகுறது, சுருண்டு சுருண்டு படுக்கிறது, இதுல எது வந்தாலும் இங்க வந்து நம்பர் எடுத்துக்கிட்டு ஒக்காராதீங்க. நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி. லேட்டாப் போனா பிள்ளைய காப்பாத்துறது கஷ்டம்."

திலகாவின் கை மாப்புக் கட்டையிலேயே நின்றுவிட்டது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. இன்று ஐந்தாம் நாள்.

காலையில் அந்தப் பிள்ளை, "ஆன்ட்டி, வயிறு வலிக்குது" என்று சொன்னாளே. "பட்டினி வயிறு அப்படித்தாண்டி இழுக்கும், ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா சரியாயிரும்" என்று தான் சிரித்ததும் நினைவுக்கு வந்தது. அவள் கையைத் தொட்டபோது ஜில்லென்று இருந்ததும் நினைவுக்கு வந்தது. அதைத் தொட்டுத்தானே சூடு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டாள்!

இந்த மிஸ்ஸிப் பட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொரு வருடமும் ஜனவரியில் வாத்தியார் ஓர் அட்டையைக் கொடுப்பார். பெயர், பிறந்த தேதி, அப்பாவின் வேலை எல்லாம் எழுதிய பிறகு கடைசியில் 'எதிர்கால ஆசை' என்று மூன்று கோடுகள் இருக்கும். திலகாவின் வகுப்பில் பதினோரு பேர். அப்பாவின் வேலை என்ற இடத்தில் பதினோரு பேரும் ரப்பர் பால்வெட்டு என்று எழுதினார்கள், ஆசை என்ற இடத்தில் ஏழு பேர் டாக்டர் என்று எழுதினார்கள். "ஏழு டாக்டருக்கு இந்தத் தோட்டத்துல நோயாளி எங்கடா கெடைப்பான்?" என்று வாத்தியார் சிரித்தார். திலகா மட்டும் மூன்று கோட்டிலும் ஒரே சொல்லை எழுதினாள்: மிஸ்ஸி, மிஸ்ஸி, மிஸ்ஸி.

ஏழு டாக்டரில் ஒருவரும் டாக்டர் ஆகவில்லை. பைலட் என்று எழுதிய கணேசமூர்த்தி எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான், திலகாவைக் கட்டிக்கொண்டவனும் அவன்தான். போலீஸ் என்று எழுதிய இராஜமாணிக்கம் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்க்கிறான். தொப்பி உண்டு, விசில் உண்டு, துப்பாக்கிதான் இல்லை. அவன் பெண்டாட்டி, கவிஷாவின் அம்மா வள்ளிநாயகி, லாயர் என்று எழுதியவள். இப்போது நாற்றுப் பையில் மண் நிரப்புகிறாள், ஆனால் அவளிடம் வாய் கொடுத்து, வேலை வாங்கும் மண்டோர்கூட இதுவரை ஜெயித்ததில்லை. யாரும் இதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவில்லை. தீபாவளிக்குக் கூடினால், "என்னா பைலட்டு, இன்னைக்கு எத்தன டன் பறந்துச்சு?" என்று கேலி பேசிச் சிரிப்பார்கள். அந்தக் கேலியில் மாட்டாத ஒரே ஆள் திலகா.

பள்ளி முடிக்கும் எஸ்.பி.எம். பரீட்சையில் சயின்ஸ் இரண்டு தடவை அவள் காலை வாரியது. தாதிமைக் கல்லூரியிலிருந்து வந்த பதில் கடிதத்தை அவள் யாருக்கும் காட்டவில்லை. தொழிற்சாலையில் பதினோரு வருடம் நின்றாள், அது மூடியதும் கிளினிக்கில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே சீருடை வரத் தாமதமானதால் பழைய நர்ஸ் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள், இளநீலம், மார்பில் பாக்கெட். அதைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய அன்று, தண்ணீர்க் குழாயடியில் நின்ற வள்ளியின் அம்மா பஞ்சாலைப் பெரியம்மா வாயெல்லாம் பல்லாக, "அடியேய், நெனச்ச மாதிரியே மிஸ்ஸியாயிட்டியா! எங்க வள்ளிகூட படிச்சதுல நீ ஒருத்திதாண்டி சொன்னத செஞ்சவ" என்றாள். திலகா இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவள் சொன்ன முதல் பொய்.

அப்புறம் அது தானாக வளர்ந்தது. ஒருத்தி மாத்திரைப் பட்டையைக் கொண்டுவந்து இது எதற்கு என்றாள். இன்னொருத்தி சர்க்கரைப் புண்ணைக் காட்டினாள். திலகா பிரஷர் மெஷின் ஒன்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் ஆறேழு பேர் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், வசந்தன் மாமாதான் முதல் ஆள். "நீ மிஸ்ஸின்னா நான் பைலட்டுதான்" என்று கணேசமூர்த்தி வீட்டுக்குள் முணுமுணுப்பதோடு சரி, வெளியே காட்டிக்கொடுத்ததில்லை. வாசலிலேயே மிஸ்ஸி இருக்கும்போது பட்டணத்துக் கிளினிக்குக்கு லயத்தில் யார் போகப் போகிறார்கள்? மனுஷிக்கு அது பிடித்திருந்தது. அந்த அரை மணி நேரத்துக்காகவே வாரம் முழுக்கக் கக்கூஸ் கழுவலாம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு.

ஆனால் போன பங்குனியில் ஒரு நாள் பஞ்சாலைப் பெரியம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தாள். நெஞ்சை அடைக்கிறது, இடது கை குடைகிறது என்றாள். திலகா மெஷினை வைத்துப் பார்த்தாள். நம்பர் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. "வாயுதான் பெரியம்மா. ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுங்க" என்றாள். படுத்த பெரியம்மா மறுநாள் எழுந்திருக்கவில்லை. நோயில் கிடந்து அவதிப்படாமல் போனாளே, நல்ல சாவு என்று லயமே பேசிக்கொண்டது. கருமாதியன்று மகள் வள்ளிநாயகி மட்டும், "அம்மா அன்னைக்கு ஒங்கிட்ட வந்தாங்களா திலகா?" என்று கேட்டாள். "இல்லையே" என்றாள் திலகா. வள்ளிநாயகி அவள் முகத்தை இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்த இரண்டு நொடியை நினைத்துத் திலகா பல நாள் சோறு இறங்காமல் இருந்திருக்கிறாள்.

இப்போது அதே வீட்டில், அதே வள்ளிநாயகியின் ஒரே பிள்ளை.

திலகா மாப்பைச் சுவரில் சாத்திவிட்டு வள்ளிநாயகிக்குப் போன் அடித்தாள். மணி அடித்து அடித்து நின்றது. இராஜமாணிக்கத்தின் போன் அணைந்து கிடந்தது. ஆடி வெள்ளி! லயமே மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருக்கும். கோயில் பள்ளத்தில் போனுக்கு லைன் கிடைக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறோம் என்று காலையில் அவர்கள் சொன்னபோது, "தாராளமா கூட்டிட்டுப் போ" என்று உத்தரவு கொடுத்ததும் அவள்தான்.

ஜன்னலில் போய் நின்றாள். "மிஸ்ஸி, எங்க தோட்டத்துல ஒரு பிள்ள. பதினோரு வயசு. இன்னைக்கு அஞ்சாம் நாளு. சூடு எறங்கிருச்சு, வயிறு வலிக்குதுன்னுச்சு."

ஷப்னம் நிமிர்ந்தாள். "டாக்டர் பாத்தாரா? ரத்தம் எடுத்தாங்களாக்கா?"

"இல்ல. அங்க... அங்க ஒரு மிஸ்ஸி இருக்காங்க. அவுங்க பாத்துட்டு பயமில்லன்னு சொல்லிட்டாங்க."

"எந்த மிஸ்ஸிக்கா அது? அப்படிச் சொன்னவள மொதல்ல புடிச்சி உள்ள போடணும்!" ஷப்னத்தின் குரல் உயர்ந்தது. "ஆம்புலன்ஸுக்கு நான் அடிக்கிறேன், ஆனா தோட்டத்து ரோட்டுல அவுங்க எடம் தேடி வர்றதுக்குள்ள நேரமாயிரும். அங்க கார் இருந்தா தூக்கிப் போட்டுக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. இப்பவே. ஓடுங்க!"

திலகா ஓடினாள்.

மோட்டார் பட்டணத்தைத் தாண்டியதும் இருபுறமும் செம்பனை. பதினொரு மணி வெயிலிலும் அதற்குள் இருட்டு. வழக்கமாக இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும் ரோடு. அன்றைக்கு அந்த ரோட்டுக்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. முன்னால் ஒரு குலை லோரி ஆடி அசைந்து போனது. திலகா ஹாரனை அமுக்கிக்கொண்டே அழுதாள். தாயே மாரியம்மா, அந்தப் பிள்ளையை விட்டுவிடு, என்னை எடுத்துக்கொள் என்று வேண்டினாள். கெட்ட நேரத்தில் எல்லாரும் வேண்டுவது இதுதான். ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே இன்னொரு பயம் உட்கார்ந்து கணக்குப் போட்டதையும் மறைப்பதற்கில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பார்களே, யார் பார்த்தது, யார் சொன்னது என்று? நான் மிஸ்ஸி இல்லை என்று தெரிந்தால் வள்ளி பங்குனியில் அம்மா செத்ததையும் தோண்டுவாளே? எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா ஒரு செக்கப் என்று சொல்லிக் கூட்டிப்போய்விடலாம் என்று அவள் வழியெல்லாம் வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போனாள். பிள்ளை சாகக் கிடக்கும்போதும் மனுஷ புத்தி எங்கே போகிறது பாருங்கள்.

கோயிலில் மேளம் அலறிக்கொண்டிருந்தது. கூழ் அண்டாவைச் சுற்றி லயமே நின்றது. இராஜமாணிக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அகப்பையோடு ஊற்றிக்கொண்டிருந்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான். பிள்ளைக்கு உடம்பு தேறிய சந்தோஷம் அவனுக்கு.

"கவிஷா எங்க?"

"வா வா மிஸ்ஸி, கூழு குடி. அங்க பின்னால படுத்திருக்குலா. அசதி."

கோயிலுக்குப் பின்னால் கொட்டகையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பச்சைப் பாவாடை, ஈரத் தலை, நெற்றியில் சந்தனம். பக்கத்தில் வள்ளிநாயகி விசிறிக்கொண்டிருந்தாள். திலகா குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தொட்டாள். சிமெண்டுத் தரையைத் தொட்டதுபோல் இருந்தது. உள்ளங்கை வியர்த்து ஜில்லென்று கிடந்தது. கண் பாதி திறந்திருந்தது, ஆனால் அது யாரையும் பார்க்கவில்லை. உதடு வெளுத்திருந்தது.

"கூழு ரெண்டு வாய் குடுத்தேன், எல்லாத்தையும் வாந்தி எடுத்துட்டா" என்றாள் வள்ளிநாயகி. "அஞ்சு நாளா தூங்காதது, இப்பதான் தூங்குது. எழுப்பாத."

ஷப்னம் சொன்னதில் ஒன்றுகூடப் பாக்கி இல்லை. ஆனாலும் ஒத்திகை பார்த்த வாக்கியம்தான் முதலில் வந்தது. "வள்ளி, சும்மா ஒரு செக்கப்புக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரலாமா? இப்பவே?"

"என்னாத்துக்கு? காலையில பயமில்லன்ன?"

"இருந்தாலும் ஒரு தடவ பாத்துட்டா..."

"இருந்தாலும்னா? என்னா மாறிச்சு? காலையில சொன்னது நெசமா, இப்ப சொல்றது நெசமா?" லாயர் என்று எழுதியவள் அல்லவா, பிடித்தால் விடமாட்டாள்.

இதற்குள் இராஜமாணிக்கம் வந்துவிட்டான், பின்னாலேயே நாலைந்து பேரும். "பத்து நிமிஷத்துல தீபாராதன திலகா. பிள்ளைக்காகத்தான் வேண்டிக்கிட்டது. கும்பிட்டு துன்னூறு பூசிட்டு, அப்புறமா வேணும்னா போலாம்" என்றான். அம்மன் வாசலில் படுத்திருக்கும் பிள்ளையைப் பாதியில் தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்றாள் ஒரு கிழவி. வசந்தன் மாமா எல்லாருக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "இந்தா, மிஸ்ஸியே காலையில தொட்டுப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிருச்சு. அப்புறம் என்னா? மிஸ்ஸி வாக்கு எப்பவாச்சும் பொய்யாப் போயிருக்கா?"

திலகா சுற்றிப் பார்த்தாள். எல்லா முகத்திலும் அவள்மேல் நம்பிக்கை இருந்தது. காலையில் சொன்ன மிஸ்ஸியை நம்பிக்கொண்டு, இப்போது கெஞ்சுகிற திலகாவின் பேச்சை அவர்கள் கேட்கமாட்டார்கள். ஆறு வருடமாக அவள் ஆசை ஆசையாகச் சேர்த்த மரியாதை, பிள்ளைக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றது.

கவிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். சத்தம் மேளத்தில் அமுங்கிப்போனது, திலகாவுக்கு மட்டும்தான் கேட்டது.

"நான் மிஸ்ஸி இல்ல" என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. அவள் கத்தினாள். "நான் மிஸ்ஸி இல்ல! அந்த கிளினிக்ல நான் கக்கூஸ் கழுவுறேன். தர தொடைக்கிறேன். ஆறு வருஷமா அதான் என் வேல. காலையில நான் சொன்னது என் வாய்க்கு வந்தது. இப்ப சொல்றது நெசமான மிஸ்ஸி சொன்னது. சூடு எறங்குற நாளுதான் உயிர் போற நாளாம். வள்ளி, பிள்ள கால தொட்டுப் பாரு! செத்துரும்டி, உன் பிள்ள செத்துரும்!"

மேளக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். இராஜமாணிக்கம் அகப்பையோடு நின்றது நின்றபடி நின்றான். வள்ளிநாயகி மட்டும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. மகளின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். அடுத்த நொடி பிள்ளையைத் தோளில் அள்ளிக்கொண்டு காரை நோக்கி ஓடினாள். "சாவிய எடு! சாவிய எடுய்யா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தோட்டமே அதிர்ந்தது. இராஜமாணிக்கம் அகப்பையை வீசிவிட்டு ஓடினான். திலகா பின்கதவில் கை வைத்தாள். வள்ளிநாயகி அவளைப் பார்த்தாள், கதவை இழுத்துச் சாத்தினாள். கார் போய்விட்டது. ஆம்புலன்ஸ் அதுவரை வந்து சேரவில்லை.

திலகா மோட்டாரை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

எமர்ஜென்சியில் பிள்ளையை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். இரண்டு கையிலும் ஊசி குத்தித் தண்ணீர் ஏற்றினார்கள். பிரஷர் காட்டவே இல்லை என்று யாரோ மலாய் மொழியில் சொன்னது கதவு திறந்து மூடும் இடைவெளியில் திலகாவுக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டாக்டர் வெளியே வந்து இராஜமாணிக்கத்திடம் பேசினார். ஒரு மணி நேரம் கழித்துக் கொண்டுவந்திருந்தால் நான் உங்களிடம் பேசுகிற பேச்சே வேறு என்றார். இன்றும் நாளையும் தாண்ட வேண்டும் என்றார். இராஜமாணிக்கம் தலையில் கை வைத்துத் தரையிலேயே உட்கார்ந்தான். தூணுக்குப் பின்னால் நின்ற திலகா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

வெள்ளி போயிற்று, சனி போயிற்று. திலகா வேலைக்கும் போகாமல் வார்டு வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கணேசமூர்த்தி சோறு கொண்டுவந்து வைத்தான், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். கதவு திறக்கும்போதெல்லாம் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாக அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஐந்தாம் நம்பர் வீட்டில் யாரிடமோ மாத்திரையைப் பாதியாக்கச் சொன்னோமே. எட்டாம் நம்பரில் புண்ணுக்கு மஞ்சள் போதும் என்றோமே. வசந்தன் மாமாவின் கால் வீக்கத்துக்கு என்ன சொன்னோம்? நினைவில்லை. நினைவில்லாததுதான் மிகவும் பயமாக இருந்தது. துப்புரவுக்காரப் பெண் ஒருத்தி மாப்போடு வந்தாள். திலகா காலைத் தூக்கி வழிவிட்டாள். ஈரத் தரையில் தன் நிழல் கோணலாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வார்டுக் கதவு திறந்து வள்ளிநாயகி வெளியே வந்தாள். அதே கோயில் சேலை, மூன்று நாளாக மாற்றவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கண்ணு முழிச்சிட்டா. மைலோ கேக்குறா. ரத்தத்துல பிளேட்லெட் ஏறுதாம்."

திலகா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். வள்ளிநாயகி அவளை அழவிட்டாள். தொடவில்லை. அழுகை அடங்கிய பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்கம்மா அன்னைக்கு ஒங்கிட்ட வந்தாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். கோயிலில் வாயைத் திறந்தபோதே தெரியும். இல்லை என்று இன்னொரு தடவை சொல்லிவிடலாம், சாட்சி யாரும் கிடையாது. திலகா வள்ளிநாயகியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வந்தாங்க."

"என்னா சொன்னாங்க?"

"நெஞ்ச அடைக்குது, எடது கை கொடையுதுன்னாங்க."

"நீ என்னா சொன்ன?"

"வாயுன்னேன். ஓமத்தண்ணி குடிச்சிட்டுப் படுக்கச் சொன்னேன்."

வராந்தாவில் யாரோ ஒரு குழந்தை செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்தது. அறைவாள் என்று திலகா எதிர்பார்த்தாள், அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வள்ளிநாயகி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"எம்மவ உசுரோட இருக்கா, அதுக்கு நீயும் காரணம். எங்கம்மா இல்ல, அதுக்கும் நீ காரணம். ரெண்டையும் நான் எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல திலகா." வார்டுக் கதவருகே போனவள் திரும்பினாள். "லயத்துக்குப் போ. வீடு வீடா போயி, யாருக்கு என்னென்ன சொன்னியோ எல்லாத்தையும் தப்புன்னு சொல்லு. எல்லாரும் அன்னைக்குக் கோயிலுக்கு வரல, வந்தவுங்களுக்கும் பாதி வெளங்கல. நான் வந்து ஒவ்வொரு வீட்டுலயும் கேப்பேன்."

கதவு மூடிக்கொண்டது.

திலகா தோட்டத்துக்குத் திரும்பினாள். அவள் வீட்டு வாசலில் ஆள் இல்லை, ஆறு வருடத்தில் முதல் ஞாயிறு. மெஷினை எடுக்காமல் வெறுங்கையோடு லயத்தின் அந்தக் கோடிக்கு நடந்தாள். ஒன்றாம் நம்பர் வசந்தன் மாமா வீடு. கதவைத் தட்டுவதற்கு முன் மூன்று தடவை கையைத் தூக்கி இறக்கினாள்.

மாமாதான் திறந்தார். கோயிலில் கேட்டதெல்லாம் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. அல்லது ஏறியும் அவர் இறக்கிவிட்டிருக்க வேண்டும். "பிள்ள பொழச்சிருச்சாமே! வா மிஸ்ஸி, வா. நீ மட்டும் வந்து சத்தம் போடலன்னா என்னா ஆயிருக்கும்?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வழக்கம்போல் கையை நீட்டினார். இவருக்குப் பின்னால் இன்னும் இருபத்தோரு வீடுகள் இருந்தன.

திலகா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சட்டக் கைய எறக்கி விடுங்க மாமா" என்றாள். "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."